வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளைச் சேர்த்துப் படம் எடுப்பது

குழந்தைகளைப் படம் எடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒற்றைக் குழந்தையைப் பற்றியவை அல்ல; விடுமுறைக்கு வந்து கூடும் மூன்று முதல் எட்டுப் பிள்ளைகளை ஒரே படத்துக்குள் அடக்கப் படும் பாட்டைப் பற்றியவை. காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தி ஓய்வுபெற்ற நம் புகைப்படப் பகுதி ஆசிரியர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, எங்கள் பேரப் பிள்ளைகள் நால்வர், வயது ஒன்பது, ஆறு, நான்கு, பத்து மாதம். தீபாவளியன்று புத்தாடையோடு வாசலில் உயர வாரியாக நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஒன்று ஓடிவிடுகிறது, ஒன்று அழுகிறது, மிச்சம் இருப்பவை காவல் நிலையத்தில் நிறுத்தப்பட்டவைபோல் விறைத்து நிற்கின்றன. எப்படி உட்கார வைத்தால் சரியாக வரும்?
— வாசகி, பொள்ளாச்சி

பதில்: நிற்க வைப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது, அம்மா. நிற்கிற குழந்தை நினைத்த மாத்திரத்தில் ஓடிவிடும். சம்மணமிட்டு உட்கார்ந்த குழந்தை ஓட வேண்டுமானால் முதலில் கையை ஊன்றி எழ வேண்டும், அந்த இரண்டு வினாடியில் படம் எடுத்துவிடலாம். உயர வாரியாக நிறுத்துவதில் இன்னொரு குறையும் உண்டு. தலைகள் ஏணிபோல் ஒரே சரிவில் இறங்குவதால், பார்ப்பவரின் கண் பெரிய பிள்ளையிடம் தொடங்கிச் சின்னப் பிள்ளையின் காலடி வழியாகப் படத்தை விட்டே வழுக்கிப் போய்விடும். ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போய்வர வழி இருக்காது.

நான் கையாண்ட முறையைச் சொல்கிறேன். வெயில் விழாத திண்ணையில் ஒரு பாயை விரித்து, ஒன்பது வயதுப் பிள்ளையை முதலில் சம்மணமிட்டு உட்கார வையுங்கள்; தூண் இருந்தால் முதுகு அதில் சாய்ந்திருக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளை அதற்கு ஒட்டினாற்போல் பின்பக்கமாக முழங்காலிட்டு, அக்காவின் தோளில் கை வைத்துக்கொள்ளட்டும். இந்த இரண்டு பேரும் சொன்னால் கேட்கும் வயதினர் என்பதால், வெளிச்சம் சரிதானா, பின்னால் கொடிக்கயிறும் குடமும் தெரிகிறதா என்பதையெல்லாம் இவர்களை மட்டும் வைத்தே பார்த்து முடித்துவிட வேண்டும். அதன் பிறகு கைக்குழந்தையை மூத்தவளின் மடியில் வையுங்கள். குழந்தையின் முதுகு அக்காவின் மார்பில் சாய்ந்திருக்க, அக்காவின் இரு கைகளும் அதன் வயிற்றைச் சுற்றிக் கோத்திருக்க வேண்டும். பத்து மாதக் குழந்தை உட்காரும் என்றாலும் துள்ளும். ஆகவே நிற்கிற பிள்ளையின் இடுப்பிலோ, நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் மடியிலோ அதை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் தாயார் தரையில் உட்கார்ந்திருக்கட்டும். அவருடைய வளையல் கை படத்தின் ஓரத்தில் தெரிந்தால்கூட எனக்கு அது குறையாகப் பட்டதில்லை.

நான்கு வயதுப் பிள்ளை கடைசி. உங்கள் குழுவின் உண்மையான எஜமானர் அவர்தான். மற்றவர்கள் அவருக்காகக் காத்திருக்கலாம், அவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். மூத்தவளுக்கு மறுபக்கத்தில், அரையடி முன்னால் ஒரு மணைப்பலகையைப் போட்டு, "இது உன் பலகை, வேறு யாரும் உட்காரக் கூடாது" என்று சொல்லுங்கள். வெறும் தரையில் அரை நிமிடம் இருக்காத குழந்தை, தனக்கென்று கொடுத்த பலகையில் மூன்று நிமிடம் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது தலைகளைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எந்த இரண்டு தலைகளும் ஒரே மட்டத்தில் இருக்கக் கூடாது. ஒரு பிள்ளையின் கண் அடுத்த பிள்ளையின் வாய் மட்டத்துக்கோ மோவாய் மட்டத்துக்கோ வந்தால் போதும். மட்டம் போதவில்லையென்றால் மடித்த ஜமுக்காளம், தலையணை, முக்காலி என்று வீட்டில் இருப்பதே உதவும். இடைவெளியையும் கவனியுங்கள். பிள்ளைகளைத் தம் போக்கில் விட்டால் ஒருவருக்கொருவர் ஒரு சாண் தள்ளியே உட்காருவார்கள். நேரில் ஒரு சாணாகத் தெரிவது படத்தில் ஒரு முழமாகத் தெரியும். "நெருங்கி உட்கார்" என்றால் இடுப்பை நகர்த்திவிட்டுத் தலையை எதிர்ப்பக்கம் சாய்ப்பார்கள். "அக்கா தோளில் காதை வைத்துப் பார், உள்ளே என்ன சத்தம் கேட்கிறது?" என்று கேளுங்கள், தலை தானாக வந்து சேரும்.

படம் எடுப்பவர் நிற்கக் கூடாது. பழைய ஸ்டூடியோ படங்களில் குழந்தைகள் அவ்வளவு கம்பீரமாக இருப்பதற்குக் கருவியும் ஒரு காரணம். யாஷிகா, ரோலிஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களை வயிற்று மட்டத்தில் பிடித்து, குனிந்து மேலிருந்து பார்த்துத்தான் படம் எடுக்க முடியும். அதனால் லென்ஸ் குழந்தையின் முக மட்டத்துக்குத் தானாகவே இறங்கிவிடும். இன்று செல்பேசியைப் பெரியவர் தம் கண் மட்டத்தில் பிடிப்பதால் பெரிய தலையும் குட்டைக் காலுமாகப் பிள்ளைகள் பதிகிறார்கள். நீங்களும் பாயில் உட்காருங்கள். முழங்கால் வலித்தால் மோடாவில் உட்காருங்கள்.

கடைசியாக ஒன்று. தாத்தா, சித்தி, பக்கத்து வீட்டார் எல்லாரும் கேமராவுக்குப் பின்னால் ஆளுக்கொரு பக்கம் நின்று "இங்கே பார், இங்கே பார்" என்று கூப்பிட்டால் எட்டுக் கண்களும் நான்கு திசையில் போகும். ஒருவர் மட்டும், லென்ஸுக்கு நேர் மேலே முகம் வைத்துக் கூப்பிட வேண்டும். மற்றவர்களை உள்ளே அனுப்பி அதிரசம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்கு மூன்று குழந்தைகள். மூன்று பேராகச் சேர்ந்து படம் எடுத்தால் ஆகாது என்று மாமியார் தடுக்கிறார். இதுவரை மூவரும் சேர்ந்த படமே வீட்டில் இல்லை. என்ன செய்வது?
— வாசகி, விருதுநகர்

பதில்: இந்த நம்பிக்கையோடு நான் வாழ்நாள் முழுவதும் சமாதானமாகவே இருந்திருக்கிறேன், ஏனென்றால் வாடிக்கையாளரோடு வாதாடி யாரும் ஸ்டூடியோ நடத்த முடியாது. மூவர் வந்தால் நான்காவதாக ஒரு பொம்மையை நடுப்பிள்ளையின் மடியில் வைத்துவிடுவோம். கணக்கு நான்காகிவிட்டது என்று பெரியவர்கள் திருப்தியாகப் போவார்கள். உங்கள் மாமியாரையே நடுவில் உட்கார வைத்து மூவரையும் அவரைச் சுற்றி நிறுத்தி முதல் படத்தை எடுங்கள். அவர் எழுந்து போகும்போது பிள்ளைகள் கலைவதற்கு முன் இரண்டாவது படத்தை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது.

தொழில்முறையில் சொன்னால், அமைப்பதற்கு மூன்றைவிட எளிய எண்ணிக்கை கிடையாது. இருவர் என்றால் இரண்டு முகங்களுக்கும் நடுவே எப்போதும் ஒரு வெற்றிடம் நின்றுகொண்டிருக்கும். நால்வர் என்றால் இரண்டிரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். மூவரில் ஒருவரைச் சற்று உயர்த்திவிட்டாலோ தாழ்த்திவிட்டாலோ முக்கோணம் தானாக அமைகிறது. நடுப்பிள்ளைதான் எப்போதும் நடுவில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூவரில் யார் அதிகமாக நெளிகிறாரோ அவரை நடுவில் வைத்து, இருபக்கமும் மற்ற இருவர் தோளைக் கோத்துக்கொண்டால் நெளிவதற்கு இடம் இருக்காது.

கேள்வி: ஏழு பிள்ளைகளைச் செல்பேசியில் படம் எடுத்தேன். நடுவில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். இரு ஓரத்திலும் இருப்பவர்களின் முகம் அகன்று, தோள் இழுபட்டுத் தெரிகிறது. செல்பேசியை மாற்ற வேண்டுமா?
— வாசகர், மதுரை

பதில்: செல்பேசியை மாற்ற வேண்டாம், நீங்கள் நின்ற இடத்தை மாற்றினால் போதும். செல்பேசியின் முதன்மை லென்ஸ், பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கணக்கில் ஏறத்தாழ 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமமான அகலக் கோண லென்ஸ். அகன்ற காட்சியை அது தட்டையான பரப்பில் விரித்துப் பதிக்கும்போது நேர்கோடுகள் நேராகவே நிற்கும். அதற்கு விலையாக ஓரங்களில் உள்ள உருண்டையான பொருள்கள் வெளிப்பக்கமாக இழுபடும். சுவரோ கதவோ இழுபட்டால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தையின் முகம் உருண்டை என்பதால் உடனே தெரிந்துவிடுகிறது. "0.5" என்று குறித்திருக்கும் அகன்ற லென்ஸில் இது இன்னும் கொடுமை. இடம் போதவில்லை என்று அதை அழுத்திப் பிள்ளைகளைப் பூசணிக்காய் ஆக்கிவிட வேண்டாம்.

பிள்ளைகளிடமிருந்து மூன்று மீட்டர் பின்னால் போய் "2எக்ஸ்" என்பதைத் தொடுங்கள். ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான அந்தப் பார்வையில், மூன்று மீட்டர் தூரத்திலிருந்து இரண்டு மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். இரண்டு மீட்டருக்குள் ஏழு பிள்ளைகள் ஒரே வரிசையில் அடங்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே முன்னால் மூவர் தரையில், பின்னால் நால்வர் பெஞ்சில் என்று இரண்டு வரிசையாக்குங்கள். முன்வரிசைப் பிள்ளை ஒவ்வொருவரின் தலையும் பின்வரிசை இருவரின் தலைகளுக்கு நடுவே வர வேண்டும். வரிசையின் இரு முனைகளையும் ஒரு கையளவு முன்னால் இழுத்து இலேசான பிறை வடிவமாக்கினால், எல்லா முகங்களும் லென்ஸிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். யாருடைய முகமும் மங்காது. தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் இரண்டு வரிசைக்கு லென்ஸின் துளை அளவை எஃப் 5.6 அல்லது எஃப் 8 என்று வைத்து, முன்வரிசையில் நடுவில் இருக்கும் பிள்ளையின் கண்ணில் குவியப்படுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/250 வினாடிக்குக் குறையக் கூடாது. அதற்காக ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறன் 800, 1600 என்று ஏறினாலும் கவலைப்பட வேண்டாம். சிறு மணிமணியான குறை தெரியும் படத்தைப் பிற்காலத்தில் யாரும் வெறுப்பதில்லை, ஆடிப்போய் முகம் கலைந்த படத்தை எதுவும் செய்ய முடியாது.

பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும் "போர்ட்ரெய்ட்" முறையைக் குழுப்படத்தில் நிறுத்திவிடுங்கள். எது தலை, எது பின்னணி என்பதைச் செல்பேசி கணக்கிட்டுத்தான் மங்கலாக்குகிறது. பின்வரிசைப் பிள்ளையின் காதையும் மல்லிகைச் சரத்தையும் பின்னணி என்று எண்ணி அழித்துவிடுவது அதற்கு வழக்கம்.

கேள்வி: குலதெய்வக் கோயிலில் அண்ணன் தம்பி பிள்ளைகள் ஐவருக்கு ஒரே நாளில் முடியிறக்கிக் காது குத்தினோம். சடங்கு முடியப் பகல் பதினொன்றரை ஆகிவிட்டது. படத்தில் ஐவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கண்குழியில் கரிய நிழலோடு இருக்கிறார்கள். மாலை வரை காத்திருக்க முடியாத இடத்தில் என்ன செய்யலாம்?
— வாசகர், தேனி

பதில்: வெயில் உச்சியில் இருக்கும்போது நெற்றியும் புருவமும் கண்ணுக்கு மேல் கூரைபோல் நின்று நிழல் போடும், அதோடு வெள்ளை மணல் தரையின் கூச்சம் வேறு. அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கண்ணைத் திறக்கச் சொல்வது வதை.

மண்டபம் இருந்தால் அதன் விளிம்புதான் உங்கள் ஸ்டூடியோ. வெயில் படும் கோட்டிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே, முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி பிள்ளைகளை உட்கார வையுங்கள். வெளியே உள்ள வானமும் தரையும் பெரிய விளக்குபோல் மென்மையாக ஒளி தரும். நடு மண்டபத்துக்குள் கொண்டுபோனால் ஒளி தலைக்கு மேலிருந்தும் பக்கத்துத் தூண்களிலிருந்தும் கலைந்து வரும். கண்ணில் ஒளிப்புள்ளி விழாது. அந்தப் புள்ளி இல்லாத கண் தூங்குகிற கண்போலவே படத்தில் தெரியும். மண்டபத்தில் இன்னொரு சிக்கல், பின்னால் இருட்டு. கேமரா அந்த இருட்டைக் கண்டு படம் முழுவதையும் வெளுக்க முனையும்; மொட்டைத் தலையும், பூசிய சந்தனமும், வெள்ளை வேட்டியும் விவரமே இல்லாமல் எரிந்துபோகும். செல்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்து இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

மண்டபம் இல்லாத கோயில்களும் உண்டு. குலதெய்வம் பலருக்கு வேப்பமரத்தடியில்தான் இருக்கிறார். மரநிழலில் இலையிடுக்கு வழியாக விழும் வெயில் புள்ளிகள் முகத்தில் விழாத இடமாகப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சூரியன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தலையோரம் மின்னும், முகம் நிழலில் இருக்கும். எதிரே இருவர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் வெயில் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். கடையில் விலைக்கு விற்கும் ஒளித்தட்டு செய்யும் வேலையும் அதுதான்.

காது குத்தி முடிந்த உடனே எடுக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. அழுத கண் வீக்கம் வடியவும், பிள்ளைகள் பொட்டுக்கடலை தின்று சமாதானமாகவும் அரை மணி நேரம் கொடுங்கள். ஐந்து மொட்டைத் தலைகளைப் பொறுத்தவரை, அவர்களை ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் நீங்கள் அமைக்க எதுவும் இருக்காது.

கேள்வி: எத்தனை படம் எடுத்தால் யாரும் கண் மூடாத ஒரு படம் கிடைக்கும்?
— வாசகர், திருச்சி

பதில்: இதற்கு விஞ்ஞானிகளே விடை கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர், கண் இமைக்கும் நேரத்தையும் எண்ணிக்கையையும் கொண்டு இதைக் கணக்கிட்டார்கள். இருபது பேருக்குக் குறைந்த குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், வெளிச்சம் குறைவென்றால் இரண்டால் வகுக்க வேண்டும். வருவதுதான் எடுக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கை. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபெல் பரிசு 2006இல் கணிதப் பிரிவில் இவர்களுக்குக் கிடைத்தது.

அந்தக் கணக்குப்படி ஆறு பேருக்கு இரண்டு படம் போதும். ஆனால் இது இமைப்பதற்கு மட்டுமான கணக்கு. மூக்கில் விரல் விடுவது, பக்கத்துப் பிள்ளையின் சடையை இழுப்பது, திடீரென்று வானத்தில் விமானம் பார்ப்பது ஆகியவை இந்தச் சூத்திரத்தில் சேரவில்லை. 120 ஃபிலிம் சுருளில் சதுரப் படம் பன்னிரண்டுதான் கிடைக்கும் என்ற காலத்திலேயே பிள்ளைகள் குழுவுக்கு நான் மூன்று படத்துக்குக் குறைந்து எடுத்ததில்லை. இன்று ஃபிலிம் செலவு இல்லை; தொடர்படப் பொத்தானை அழுத்தி முப்பது எடுங்கள், அன்று மாலையே இருபத்தெட்டை அழித்துவிடுங்கள். ஃபிளாஷ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு: பல ஃபிளாஷ்கள் ஒளியை அளப்பதற்காக முதலில் ஒரு சிறு மின்னலை விட்டுப் பிறகே படத்துக்கான மின்னலை விடுகின்றன. விரைவாக இமைக்கும் பிள்ளை முதல் மின்னலுக்கே கண்ணை மூடிக்கொள்ளும். ஒரே பிள்ளை எல்லாப் படத்திலும் கண் மூடியிருந்தால் அதைத் திட்டாதீர்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன், தம்பி தங்கைகளோடு சேர்ந்து படத்துக்கு நிற்கவே மறுக்கிறான்.
— வாசகி, சேலம்

பதில்: நிற்கச் சொல்லாதீர்கள், எடுக்கச் சொல்லுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்துவிட்டு, பத்து வினாடித் தானியங்கிப் பொத்தானைக் காட்டிக் கொடுங்கள். ஓடிவந்து தன் இடத்தில் விழுகிறவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், அவனைப் பார்த்து மற்றவர்களும் சிரிப்பார்கள். 1900இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்ற பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்தபோது அதைப் பிள்ளைகளுக்கென்றே விளம்பரம் செய்தது. படம் எடுக்கும் ஆசை எடுக்கப்படும் ஆசையைவிடப் பெரியது என்பதை அந்த வணிகர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

கேள்வி: "சிரி" என்றால் பிள்ளைகள் பல்லைக் காட்டுகிறார்களே தவிரச் சிரிப்பதில்லை. பழைய படங்களில் குழந்தைகள் ஏன் சிரிப்பதே இல்லை?
— வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். 1839இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. பின்பு அது வினாடிகளாகக் குறைந்த போதும், தலை ஆடாமல் இருக்க இரும்புத் தாங்கியைப் பிடரிக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அத்தனை நேரம் சிரிப்பைப் பிடித்து வைக்கப் பெரியவர்களாலேயே முடியாது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கைக்குழந்தையைப் படம் எடுக்கத் தாயின் மேல் துணியைப் போர்த்தி, நாற்காலிபோல் உட்கார வைத்து, அவர் மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். இன்று அந்தப் படங்களைப் பார்த்தால் குழந்தைக்குப் பின்னால் முக்காடிட்ட மலைபோல் ஏதோ ஒன்று இருப்பது தெரியும். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர்தகட்டு முறையை (ஒளியுணரும் மருந்தை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசி உலர்த்திப் பயன்படுத்தும் முறையை) வெளியிட்டு, அது மேம்பட்டுக் கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் அசைகிற குழந்தையை அசைவோடு பிடிக்க முடிந்தது. நம் கொள்ளுப்பாட்டிகளின் படங்களில் இருக்கும் விறைப்புக்குக் கருவி மட்டும் காரணம் அல்ல. படம் எடுப்பது வாழ்நாளில் ஓரிரு முறை நடக்கும் சடங்காக இருந்தது, சடங்கில் யாரும் சிரிப்பதில்லை.

இன்று கருவி காத்திருக்கச் சொல்வதில்லை, நாம்தான் சொல்கிறோம். குழந்தையிடம் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லலாம். எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொன்னால் அது நடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே இடத்தை அமைத்து முடித்ததும் கட்டளையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். "உங்களில் யார் குறட்டை விடுவது?" என்று கேட்டால் எல்லாக் கைகளும் ஒருவரை ஒருவர் காட்டும், கைகளை எங்கே வைப்பது என்ற தொல்லையும் தீரும். சண்டை வந்துவிடும் வீடுகளில் "அப்பா எப்படிக் குறட்டை விடுவார்?" என்று கேட்பது பாதுகாப்பு. இன்னொன்று, "சரி, முடிந்தது, எல்லாரும் போகலாம்" என்று சொல்லிவிட்டுக் கேமராவை இறக்காமல் இருங்கள். என் ஸ்டூடியோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த குழுப்படங்களில் பாதிக்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பிறகு எடுத்தவை.

கேள்வி: என் மகள் சக்கர நாற்காலியில் இருப்பவள். பள்ளித் தோழிகள் ஐவரோடு எடுத்த படங்களில் எல்லாம் அவள் ஓரத்தில் தனியாக, மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு இருக்கிறார்கள். பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.
— வாசகி, புதுச்சேரி

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது; பிழை படம் எடுத்தவருடையது. உயரம் வேறுபடும் குழுவில் மற்றவர்களின் மட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். இருவரை அவளுடைய இருபக்கமும் நாற்காலியில் உட்கார வைத்து, ஒருவரைப் பின்னால் அவள் தோளுக்கு மேல் குனியச் சொல்லி, மற்ற இருவரை முன்னால் தரையில் அமர்த்துங்கள். சக்கர நாற்காலியைக் கேமராவுக்கு நேராக நிறுத்தாமல் சற்றுத் திருப்பி வைத்தால் முழங்காலும் கால்தாங்கியும் முன்னால் நீட்டிக்கொண்டு தெரியாது. நாற்காலியை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் மகளிடம் கேளுங்கள், நம்மிடம் வந்த ஒரு சிறுமி அதற்குப் பூச்சுற்றி வைக்கச் சொன்னாள். அவளைக் கேட்காமல் யாரும் கைப்பிடியில் சாய்வதோ நாற்காலியை நகர்த்துவதோ கூடாது. தொடுவது பிடிக்காத பிள்ளைகளுக்கும் இதே முறைதான். தோளில் கை போட வைப்பதற்குப் பதில், எல்லாரும் பிடித்துக்கொள்ள ஒரு பட்டமோ ஒரு நீளத் துணியோ கொடுத்தால் தொடாமலே ஒன்றாகத் தெரிவார்கள்.

கேள்வி: கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கணினியில் அழிக்கலாமா? அப்படியே பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நிறமாக்க முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பொட்டு இருக்கட்டும், அது அந்த வயதின் அடையாளம். நிறத்தைத் தொட வேண்டாம். பல செல்பேசிகளில் "அழகூட்டும்" வசதி கேட்காமலே முகத்தை வெளுத்துவிடுகிறது; அதைத் தேடிப் பிடித்து அணையுங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கறுப்பாகவும் ஒருவர் சிவப்பாகவும் இருந்தால், கறுத்த பிள்ளையை வாசல் அல்லது சன்னல் வெளிச்சத்துக்கு அருகில் உட்கார வையுங்கள். இருவர் முகத்திலும் விவரம் தெளிவாகப் பதியும், எதையும் திருத்த வேண்டியிருக்காது.

கேள்வி: அச்சுப் போட்டால் மேலே தலையும் கீழே காலும் வெட்டுப்படுகின்றன.
— வாசகி, கடலூர்

பதில்: செல்பேசிப் படம் பெரும்பாலும் 4:3 விகிதம், கடையில் அச்சிடும் 6×4 அங்குலத் தாள் 3:2 விகிதம். தாளின் அகலத்தை நிரப்பும்போது கிடைப்படத்தின் உயரத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு வெட்டப்படும். எடுக்கும்போதே மேலேயும் கீழேயும் ஒரு கையளவு வெற்றிடம் விட்டுக்கொள்ளுங்கள், அல்லது முழுப் படமும் வரும்படி வெள்ளை ஓரத்தோடு அச்சிடச் சொல்லுங்கள். அச்சு வந்ததும் பின்பக்க ஓரத்தில், நீரில் கரையாத மையுள்ள மெல்லிய பேனாவால் இடமிருந்து வலமாகப் பெயரும் வயதும் தேதியும் எழுதுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடிப்பாகத் தெரியும். மை காய்வதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.